பதினோரு மணிக்குப் போனேன், ஒரு மணிக்கு வாங்கிவிட்டேன்

(நம் குடியிருப்பு வளாகத்தில் நடந்த குடியரசு தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூத்த குடிமக்களுக்கான சேமிப்புத் திட்டங்கள் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்றுதான் செயலாளர் என்னிடம் கேட்டார். போன வருடமும் அதைத்தான் பேசினேன். முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். அதில் ஒருவர் என் மனைவி. அதனால் இந்த முறை தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டேன். நான் பழைய கார் வாங்கி ஏமாந்த கதையைச் சொல்லப் போகிறேன்.

இது உங்களில் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன். பதின்மூன்று மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்படி மறைத்ததால் நம் வளாகத்திலேயே இன்னொரு குடும்பத்துக்கு நஷ்டம் வந்தது. அதனால்தான் இன்று பேசுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். கார் விற்ற கடையின் பெயரையும் சொல்ல மாட்டேன், விஷயம் வழக்காகப் போகவிருக்கிறது.

2024 ஜூன் மாதம். எங்களிடம் 2011 மாடல் ஆல்டோ ஒன்று இருந்தது. என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் செங்கல்பட்டுக்கு பிசியோதெரபிக்குப் போக வேண்டும். படாளம் கூட்ரோட்டில் நின்று பஸ் ஏறுவது நடக்காத காரியம். ஆல்டோவோ தாழ்வான வண்டி. உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். கொஞ்சம் உயரமாக, காலை நீட்டி உட்கார வசதியாக ஒரு வண்டி வேண்டும் என்று டாக்டரே சொன்னார். ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. என் அவசரத்துக்குக் காரணம் இதுதான். அந்தக் காரணம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளில் நான் இரண்டு மணி நேரத்தைத்தான் இதற்குச் செலவழித்தேன்.

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் எத்தனை பழைய கார் கடைகள் என்று உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நுழைந்தோம். வெள்ளை நிற பெட்ரோல் வண்டி, 2019 மாடல், முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. சீட் கவர் புதிது, கால்மிதி புதிது, உள்ளே மல்லிகைப் பூ வாசனை. விலை நாலு லட்சத்துப் பதினைந்தாயிரம். என் ஆல்டோவை நாற்பத்தைந்தாயிரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு பையன் கூடவே வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல பையன் மாதிரிதான் இருந்தான். "அங்கிள், அதோ நிக்கிறாங்களே அந்த ஃபேமிலி, அவங்களும் இதே வண்டியத்தான் பாத்துட்டுப் போறாங்க. மதியம் டோக்கன் போட வராங்க. நீங்க பெரியவங்க, அதான் உங்ககிட்ட முதல்ல சொல்றேன்" என்றான்.

என் மனைவி, "ஏங்க, நாளைக்கு மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்து ஒரு தடவ காட்டலாமே" என்றாள். "முப்பத்திநாலு வருஷம் பேங்க்ல இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றேன். அந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை ஒரு முறைகூடத் திருப்பிச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

டீ வந்தது. பத்தாயிரம் டோக்கன் கொடுத்தேன். டோக்கன் என்பது சின்னத் தொகைதான். ஆனால் அதைக் கொடுத்த நிமிடத்திலிருந்து நம் மனசு அவர்கள் பக்கம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வண்டியில் குறை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாது, குறை இல்லை என்று நம்பத்தான் தோன்றும். ஒரு மணிக்கெல்லாம் பேச்சு முடிந்துவிட்டது. மறுநாள் ஃபிக்சட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னால் உடைத்துப் பணம் கட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "சார், வட்டியில ஒரு சதவீதம் போகும், பரவாயில்லையா?" என்றாள். இதே கேள்வியை எத்தனை ஆயிரம் பேரிடம் நான் கேட்டிருப்பேன்!

நான் எதையுமே பார்க்காமல் வாங்கவில்லை. ஒன்றைப் பார்த்தேன். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருக்கிறதா, அது நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். படிவம் 35, வங்கியின் தடையில்லாக் கடிதம் எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் கடிதங்களை நானே டைப் அடித்தவன் ஆயிற்றே. எனக்குத் தெரிந்த ஒன்று சரியாக இருந்ததும், தெரியாத எல்லாமும் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

வங்கியில் ஒரு வவுச்சரை கிளார்க் எழுதினால் ஆபீசர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் இருக்கும். அது யார் மேலும் உள்ள சந்தேகத்தால் அல்ல. ஒரு மனிதனின் கண் ஒரு நாளில் எதையாவது விடும், அவ்வளவுதான். ஐந்நூறு ரூபாய் வவுச்சருக்கு இரண்டு கையெழுத்து கேட்டவன், நாலு லட்சத்துக்கு ஒரே கையெழுத்தில் முடித்துவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலு மாதம் வண்டியும் ஓடியது. நடுநடுவே பவர் விண்டோ ஏறாது. ஒரு நாள் ஹாரன் தானாக அடித்தது. மீட்டரில் என்னென்னவோ விளக்கு எரிந்து அணையும். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம், மழை. செங்கல்பட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பாலாற்றுப் பாலத்தின் மேல் ஏறி நடுவில் வந்தபோது விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து இன்ஜின் நின்றுவிட்டது. அபாய விளக்கும் எரியவில்லை. பின்னால் லாரி, ஆம்னி பஸ். அந்தப் பாலத்தில் ஓரமாக ஒதுங்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நான் இறங்கி செல்போன் விளக்கைப் பின்பக்கம் ஆட்டிக்கொண்டு நின்றேன். அவள் இறங்கி ஓட முடியாத நிலையில் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியும் இறங்கவில்லை. இருபது நிமிடம் இருக்கும். ஒரு டிராக்டர்காரர் நிறுத்தி, கயிறு கட்டி இந்தப் பக்கம் இழுத்துவந்து விட்டார். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் நமக்குப் பழக்கமான மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறப்பார் என்று பார்த்தால், திறக்கவில்லை. முன்சீட்டு பெல்ட்டைப் பிடித்து, அது முடிகிற வரைக்கும் முழுசாக இழுத்தார். நாம் மாட்டும்போது வெளியே வரும் பகுதி சுத்தமாக இருந்தது. அதற்கு மேல், எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் காபி நிறத்தில் ஒரு கோடு. அப்புறம் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சீட் நகரும் தண்டவாளத்தைத் தொட்டுக் காட்டினார். விரல் முழுக்கத் துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினார். அந்தப் பள்ளத்தின் மூலையில் காய்ந்த சேறு, மெல்லிய அப்பளம் மாதிரி பெயர்ந்துவந்தது. ஃபியூஸ் பெட்டியில் செம்பு முனைகள் எல்லாம் பச்சை பூத்திருந்தன.

"சார், இது தண்ணி குடிச்ச வண்டி" என்றார்.

2023 டிசம்பர் மூன்று, நாலு தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையையும் புறநகரையும் என்ன செய்தது என்று நாம் பார்த்தோம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் கார்கள் மிதந்த படங்கள் வந்தன. 2015 டிசம்பரிலும் அப்படித்தான். அந்தக் கார்கள் எல்லாம் எங்கே போயின என்று நாம் யோசிப்பதில்லை. சில உடைப்புக்குப் போகும். மற்றவை கழுவப்பட்டு, காயவைக்கப்பட்டு, புது சீட் கவர் போட்டு, மல்லிகைப் பூ வாசனையோடு எங்காவது வரிசையில் நிற்கும். தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் உடனே தெரியும், அதைப் பிரித்துச் சரிசெய்துவிடுவார்கள். வயரிங் அப்படியல்ல. கனெக்டர்களுக்குள் போன ஈரம் மெதுவாக அரிக்கும். வேலையைக் காட்ட ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும்.

மெக்கானிக் போன பிறகு இன்ஷூரன்ஸ் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய உரிமையாளர் பெயரில் 2024 ஜனவரியில் புதுப்பித்த பாலிசி. கடையில் கொடுத்த நகல், நாலு மாதமாக என் அலமாரியிலேயே இருந்தது. அதில் 'நோ க்ளெய்ம் போனஸ்' என்ற கட்டத்தில் பூஜ்யம்.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், உங்களுக்கு உபயோகப்படும். ஒரு வருடம் முழுக்க நஷ்ட ஈடு எதுவும் கேட்காமல் இருந்தால் அடுத்த வருட பிரீமியத்தில், நம் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில் இருபது சதவீதம் தள்ளுபடி. அப்புறம் இருபத்தைந்து, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, ஐம்பது என்று ஏறும். ஒரு முறை க்ளெய்ம் செய்தால் பொதுவாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒரே உரிமையாளர் வைத்திருந்த, நாலைந்து வருட வண்டிக்குப் பூஜ்யம் என்றால், அதற்கு முந்தைய பாலிசி வருடத்தில் அவர் க்ளெய்ம் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். அல்லது பாலிசியை நடுவில் விட்டிருக்கிறார். பாலிசி விட்டுப்போகவில்லை, தேதிகள் தொடர்ச்சியாக இருந்தன. ஆக, 2023இல் என்னவோ நடந்திருக்கிறது. எழுத்தில், எண்ணில், என் கையிலேயே இருந்தது. வாழ்க்கை முழுக்கப் பேரேட்டில் ஒரு பூஜ்யம் இடம் மாறினாலும் கண்டுபிடித்தவன் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கவில்லை.

கடைக்குப் போனேன். பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். உரிமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். டெலிவரி நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வண்டி உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது என்று அச்சடித்து, கீழே என் கையெழுத்து. இந்த வாசகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடன் கட்டாதவர்களின் சொத்தை வங்கி ஏலம் விடும்போது பத்திரிகையில் கொடுக்கும் விளம்பரத்தில் இதே வாசகம்தான் இருக்கும். எத்தனை விளம்பரங்களுக்கு நானே இதை டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதை வாசித்துவிட்டு யாராவது என்னிடம் வந்து கேட்டால், "நீங்கதான் சார் நல்லாப் பாத்து வாங்கணும்" என்பேன்.

பி.காம். படித்தவர்கள் இங்கே ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். வணிகச் சட்டத்தில் மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கும்: 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16, வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற கோட்பாடு. அதை எழுதி மார்க் வாங்கினோம். ஆனால் அதே பாடத்தில் இன்னொன்றும் படித்தோம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17: ஒரு விஷயம் தெரிந்தே அதைத் திட்டமிட்டு மறைப்பதும் மோசடி. துருவை மூடப் போட்ட புதுக் கால்மிதி எந்தப் பிரிவில் வரும் என்பதுதான் இப்போது கேள்வி.

என் மகள் பொருளாதாரம் படித்தவள். ரொம்ப நாள் கழித்து அவளிடம் இதைச் சொன்னபோது, இதற்கு ஒரு கட்டுரையே இருக்கிறது என்றாள். 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் மோசமான காரை எலுமிச்சை என்பார்களாம். தலைப்பே எலுமிச்சைச் சந்தைதான். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன, நாலாவது இதழில் வந்தது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விஷயம் எளிமையானது. விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் மோசமானதுதான் அதிகம் மிஞ்சும். அவளிடம், "இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க வாங்கப் போறதையே சொல்லலியேப்பா" என்றாள்.

சரி, நான் மறைத்த கதைக்கு வருகிறேன்.

மெக்கானிக் சொன்ன அன்றே மனைவியிடம், "யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். இங்கே எல்லாருக்கும் வருமான வரிப் படிவம் நிரப்பித் தருபவன் நான். சங்கக் கணக்கைத் தணிக்கை செய்பவன் நான். பேங்க்காரன் ஏமாந்தான் என்றால் என்ன மரியாதை இருக்கும்? வயரிங்கை மாற்றினேன், நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். அதற்கு மேல் ஏ.சி. போனது. மொத்தம் எண்பதாயிரத்தைத் தாண்டியது. காரைத் துடைத்து, பளபளப்பாக வைத்து, கீழே நிறுத்தினேன்.

2025 ஆகஸ்ட் மாதம், லிஃப்ட்டுக்குள், நம் வளாகத்துத் தம்பி ஒருவர், மறைமலைநகர் பக்கம் கம்பெனியில் வேலை பார்ப்பவர், என்னைக் கேட்டார். "சார், நீங்க எடுத்த கடையிலதான் நானும் ஒரு வண்டி பாத்துவெச்சிருக்கேன். உங்க வண்டி எப்படி சார், பிரச்சன ஒண்ணும் இல்லையே?"

மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளம் வருகிற நேரம்தான். "பரவாயில்ல, ஓடுது" என்றேன்.

அது பொய்யில்லை, வண்டி அன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அந்த வாரமே வாங்கிவிட்டார். கடன் போட்டு. நவம்பர் மழையில் அவருடைய வண்டியும் நின்றது. நானே போய்ப் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தேன். கோடு இருந்தது. அவருக்கு மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. அந்தக் காரில்தான் பள்ளிக்குப் போய்வருகிறது. அவர் என்னைத் திட்டவில்லை. "உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று மட்டும் கேட்டார். "தெரியும்" என்றேன். அதற்கு முன்னால் எந்தக் கவுன்ட்டரிலும், எந்த இன்ஸ்பெக்‌ஷனிலும் அப்படித் தலை குனிந்து நின்றதில்லை.

அதே நவம்பரில் இன்னொன்றும் தெரியவந்தது. பத்தாம் தேதி டெல்லி செங்கோட்டை அருகே கார் வெடித்த செய்தி ஞாபகம் இருக்கும். ஹரியானா பதிவெண் கொண்ட அந்தக் கார் பல கைகள் மாறியிருந்தது. போலீஸ் முதலில் போய் விசாரித்தது, எப்போதோ விற்றுவிட்டவரைத்தான். ஆர்.சி. அவர் பெயரில்தான் இருந்தது. அன்று ராத்திரி மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, உங்க பழைய ஆல்டோ இப்ப யார் பேர்ல இருக்கு?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை படிவம் 29, படிவம் 30 இரண்டிலும், வாங்குபவர் பெயர் எழுதாமல், வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அது மட்டுமில்லை, 2025 மார்ச்சில் சீட் பெல்ட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்று என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது, ஆல்டோ நம்பரில். கடையில் கேட்டேன், "மாத்திடுவாங்க சார்" என்றார்கள். நானே கட்டிவிட்டு மறந்துவிட்டேன். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பார்த்தோம். பதினேழு மாதம் ஆகியும் உரிமையாளர் நான்தான்.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50இன்படி, விற்றவர் பதினாலு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்று பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவருடையது. என் ஆல்டோ அந்தப் பதினேழு மாதத்தில் யாரையாவது இடித்திருந்தால் இந்த ஃப்ளாட்டே போயிருக்கும். நல்லவேளையாக இடிக்கவில்லை. இப்போது அலைந்து திரிந்து பெயர் மாற்றியாகிவிட்டது, அது தனிக் கதை.

டீலரிடம் வண்டியைக் கொடுப்பவர்களைக் காப்பாற்ற 2023 ஏப்ரல் ஒன்று முதல் புது விதிகள் வந்திருக்கின்றன. பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும், ஐந்து வருடத்துக்குச் செல்லும். நாம் வண்டியை ஒப்படைத்ததை படிவம் 29சி மூலம் பதிவு செய்தால் அதற்கப்புறம் அந்த டீலர்தான் உரிமையாளராகக் கருதப்படுவார். அபராதமோ விபத்தோ அவர் பொறுப்பு. நான் போன கடையில் சான்றிதழைக் காட்டுங்கள் என்று பிறகு கேட்டேன். விண்ணப்பித்திருக்கிறோம் என்றார்கள். இனி யாராவது பழைய கார் வாங்கப் போனாலும், எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும், உள்ளே நுழைந்ததும் முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் பேச்சு எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே போதும்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பாலிசி ஜனவரி வரை இருக்கிறது, பெயர் தானாக மாறிவிடும் என்றார்கள். தானாக நம்மிடம் வருவது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும்தான். நம் வண்டிக்குச் சேதம் என்றால் பழைய பெயரில் உள்ள பாலிசி உதவாது. உச்ச நீதிமன்றம் 1996லேயே இதைச் சொல்லிவிட்டது. வாங்கிய பதினாலு நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். நான் மாற்றியது எப்போது தெரியுமா? அடுத்த ஜனவரியில், புதுப்பிக்கும்போது. பாலத்தின் மேல் அன்று லாரி இடித்திருந்தால் வண்டிக்கு ஒரு ரூபாய் வந்திருக்காது. மனுஷருக்கு ஆகியிருக்கக்கூடியதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

புதுக் காரே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. இருபத்தெட்டிலிருந்து பதினெட்டாகக் குறைந்து, நான் கொடுத்த விலைக்கே சின்னதாக ஒரு புது வண்டி வருகிறது. அதை 2024இல் யாரும் கணித்திருக்க முடியாது, அதற்காக நான் வருந்தவில்லை. பழைய கார் வாங்குவதும் தப்பில்லை. நம் வளாகத்தில் பாதிப்பேர் வைத்திருப்பது பழைய கார்தான்.

நான் வருந்துவது ஒரு நாளுக்காக. மாப்பிள்ளை திங்கட்கிழமை வந்திருந்தால் பெல்ட்டை இழுத்திருப்பாரா, தெரியாது. ஆனால் மெக்கானிக்கைக் கூட்டிப் போயிருப்போம். ஆயிரம் ரூபாய் கொடுத்தால் அரை நாள் வந்து பார்ப்பார். வண்டி நம்பரைக் கொடுத்து, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் எப்போதெல்லாம் வேலை பார்த்தார்கள் என்று கேட்டிருப்போம். 2023 டிசம்பரில் ஒரு பெரிய பில் இருந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பாலிசியை வீட்டுக்கு எடுத்துவந்து, கண்ணாடி போட்டுப் படித்திருப்பேன். நாளைக்கு வருகிறேன் என்று சொன்னால் வண்டி போய்விடும் என்று அவர்கள் சொன்னால், போகட்டும். போகிற வண்டியின் இடத்தில் இன்னொன்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிற்கும். அந்தக் குடும்பம் மதியம் டோக்கன் போட வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தம்பி வாங்கப் போனபோதும் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்ததாம்.

இப்போது நடப்பதைச் சொல்லி முடிக்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம். எனக்கு இந்த ஜூனோடு முடிகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். கடைக்காரர் வயரிங் செலவில் பாதி தருகிறேன் என்று இறங்கி வந்தார். தம்பிக்கு ஒன்றும் தர முடியாது என்றார். அதனால் நான் என் பாதியையும் வாங்கவில்லை. செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு பேரும் தனித்தனியாக மனு போடுகிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மெக்கானிக் எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். பெல்ட்டின் கோடு, ஸ்டெப்னிப் பள்ளத்துச் சேறு எல்லாம் தேதியோடு படம் எடுத்திருக்கிறோம். ஜெயிப்போமா என்று எனக்குத் தெரியாது. என் மனுவை நானே டைப் அடித்திருக்கிறேன், ஒன்பது பக்கம். என் மனைவி படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் தேதி தப்பு என்று திருத்திக் கொடுத்தாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்தக் கடையில் வேறு யாராவது நம் வளாகத்திலிருந்து வண்டி எடுத்திருந்தால், வெளியே சொல்ல வெட்கமாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கடை எது என்று நானே சொல்கிறேன். இன்ஷூரன்ஸ் காகிதத்தைக் கையோடு எடுத்து வாருங்கள், டீயும் இருக்கும். இப்போதைக்கு, கீழே நிறுத்தியிருக்கும் என் வண்டியைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் வந்து பெல்ட்டை இழுத்துப் பார்க்கலாம், எங்கே பார்க்க வேண்டும் என்று தம்பி காட்டுவார்.